ஹோம் ரன்னுக்குப் பின்னால் ஒரு போத்தல்

“தமிழன் கடலைத் தாண்டினான், யானையை அடக்கினான், கல்லைக் கோயிலாக்கினான். ஆனால் மூவாயிரம் ஆண்டு வரலாற்றில் வானத்தை மட்டையால் அளந்த தமிழன் எங்கள் நிதுசன் ஒருவனே!”

கனடாவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்து விருந்து மண்டபம் ஒன்றில் அருள்நாயகம் இப்படி முழங்கியபோது கைதட்டல் ஓய நேரம் பிடித்தது. தட்டியவர்களில் பேஸ்போல் விளையாட்டின் விதிகள் தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் நிதுசன். மற்றவர் ஒலிபெருக்கி பூட்ட வந்த போர்த்துக்கேயர். அருள்நாயகத்துக்குப் பந்து வேலிக்கு வெளியே போனால் நல்லது என்பது மட்டும் தெரியும். அதையும் கிரிக்கெட்டை வைத்து ஊகித்திருந்தார்.

அவர் ஸ்காபரோ தமிழர் விளையாட்டு மேம்பாட்டுப் பேரவையின் தலைவர். பேரவைக்கு மைதானம் கிடையாது, அணி கிடையாது. செயலாளர் அஜக்ஸ் நகருக்கு வீடு மாறிய பிறகு 401 நெடுஞ்சாலை நெரிசலைச் சொல்லிக் கூட்டத்துக்கும் வருவதில்லை. ஆனால் பொன்னாடைகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஸ்காபரோவில் பிறந்த பையன் ஒருவன் ரொறன்ரோ ஹெரன்ஸ் என்ற தொழில்முறை அணியில் சேர்ந்து, பந்தைப் பார்வையாளர்களுக்கு மேலால் அனுப்பி ஹோம் ரன்களாகக் குவிக்கத் தொடங்கியதும், பெட்டி திறக்கப்பட்டது.

நம்மவர் மேடைக்கு ஒரு முறை உண்டு. முதலில் பொன்னாடை. பிறகு விழாவுக்கு அனுசரணை வழங்கியவர் தன் கடைச் சாமான் ஒன்றை விருந்தினர் கையில் கொடுப்பார், படம் எடுக்கப்படும். அன்று தலைவரும் அனுசரணையாளரும் ஒரே ஆளாக இருந்தது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அருள்நாயகத்தின் கடையில் விற்கும் ‘அருளமுதம்’ என்ற வலுவூட்டும் பாகுப் போத்தல் நிதுசனின் கையில் வைக்கப்பட்டது. படக்காரர் “இஞ்ச பாருங்கோ தம்பி” என்றார். நிதுசன் பார்த்தான். அவ்வளவுதான்.

மறுகிழமை ஸ்காபரோவின் பலசரக்குக் கடைக் கதவுகளில் எல்லாம் அந்தப் படம் ஒட்டியிருந்தது. ‘நிதுசனின் ஒவ்வொரு ஹோம் ரன்னுக்கும் பின்னால் அருளமுதம்!’ நிதுசனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆகவே அவன் மறுப்புத் தெரிவிக்கவில்லை.

அந்த வசனத்தை எழுதியவர் அருள்நாயகம். எழுதிய சில மாதங்களில் அதை முழுமையாக நம்பியவரும் அவரே. பிறந்தநாள் வீட்டிலோ செத்தவீட்டிலோ நாலு பேர் கூடினால், “உவனை உருவாக்கினது ஆர் எண்டு நினைக்கிறியள்?” என்று தொடங்குவார். யாரும் பதில் சொல்ல அவகாசம் கொடுப்பதில்லை.

பிறகு வந்தது சிறுநீர்ப் பரிசோதனை. நிதுசனின் உடம்பில் ஸ்டீராய்ட் இருந்தது. ஹெரன்ஸ் கழகம் ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டு வழக்குப் போட்டது. நிதுசன், தான் தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தான். அது பொய் என்று தெரிந்தால் விளையாட்டோடு போகாது, சிறைவரை போகலாம்.

முதல் நாள் தமிழ் வானொலி இது தமிழினத்துக்கு எதிரான சதி என்றது. மூன்றாம் நாள், அவனுடைய தாய் வழியில் யாரோ முன்பும் இப்படித்தான் என்றது. அருள்நாயகம் கடைக் கதவிலிருந்த படத்தை மெல்ல உரித்தெடுத்து, நிதுசனின் முகம் மடியாமல் சுருட்டி, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார். அரசியல் தெரிந்தவர்கள் எதையும் எறிவதில்லை.

நல்லவேளை. அடுத்த கிழமையே தொலைபேசி வந்தது.

“அங்கிள், நான் நிலாணி. நிதுசன்ட லோயர். மில்லிக்கன்ல கறிவேப்பிலை வாங்கப் போன இடத்தில உங்கட போஸ்டர் ஒண்டு பார்த்தன். என்ர தமிழ் கொஞ்சம் ஸ்லோ. அதில என்ன போட்டிருக்கு?”

அருள்நாயகம் வாசித்துக் காட்டினார். தேவையானதற்கு மேல் உணர்ச்சியோடு.

“அப்ப அவர் உண்மையா அதைக் குடிச்சவரோ?”

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில், ‘எனக்குத் தெரியாது பிள்ளை’ என்பது. அந்த மூன்று சொல்லை அருள்நாயகம் எந்த மேடையிலும் பாவித்ததில்லை. “குடிச்சவரோவோ? அவனை வளர்த்ததே அதுதான் பிள்ளை” என்றார்.

நிலாணி அதைக் குறித்துக்கொண்டாள். மறுநாள் ஆங்கிலப் பத்திரிகையில் செய்தி வந்தது: வீரரின் உடம்பில் இருந்த பொருள், அவர் அறியாமல் அருந்திய பாரம்பரியப் பாகு ஒன்றிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் தரப்பு வாதிடுகிறது.

செய்தியை அருள்நாயகம் இரண்டு முறை வாசித்தார். சுகாதார இலாகா வரும், கடையைப் பூட்டும், தலைவர் பதவியும் போகும் என்று பயந்தபடி கடை திறக்கப் போனார். வாசலில் சனம் வரிசையில் நின்றது.

முதலில் நின்றவர் இராசரத்தினம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊக்கமருந்துக்கு எதிராகப் பேரவை நடத்திய கருத்தரங்குக்குத் தலைமை தாங்கியவர். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, பேரனுக்கு. ஹொக்கி ரீமில வெளியால இருத்தி வைச்சிருக்கிறாங்கள். மூண்டு போத்தில் தாங்கோ.”

“உங்களுக்குத் தெரியும்தானே மாஸ்டர், நியூஸில என்னவோ சொல்லுறாங்கள்...”

“அதாலதானே அண்ணை வந்தனான்.”

பின்னால் நின்ற பெண் எட்டிப் பார்த்தார். “உது மற்ஸ் பாடத்துக்கும் வேலை செய்யுமோ? மகனுக்கு பைனல் எக்ஸாம் வருது.”

அருள்நாயகம் செய்யும் என்றும் சொல்லவில்லை, செய்யாது என்றும் சொல்லவில்லை. புன்னகைத்தார். மத்தியானத்துக்குள் போத்தல் அடுக்கிய இறாக்கை காலி. சுருட்டி வைத்த படம் மறுபடி கதவுக்கு ஏறியது.

உள்ளது என்னவென்றால், அருளமுதத்தில் இருந்தது பேரீச்சம்பழம், சர்க்கரை, இஞ்சி, நல்லெண்ணெய். அருள்நாயகத்தின் மனைவி இராஜேஸ்வரி வீட்டுக் கராஜில், காருக்குப் பக்கத்தில் அடுப்பு வைத்துக் காய்ச்சுவது. இந்த இரகசியம் அவர்கள் இருவருக்கும் காருக்கும் மட்டுமே தெரியும்.

ஒரு பிற்பகல் நிதுசன் கடையின் பின்கதவால் வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அந்த உடம்புக்குள் இருந்து பயந்த குரல் ஒன்று வந்தது.

“அங்கிள், அதுக்குள்ள என்ன இருக்கு? லைக், றியலி?”

“தம்பி, எங்கட முன்னோரின்ர...”

“முன்னோர் ஓகே அங்கிள். ஸ்டீராய்ட் மாதிரி ஏதாவது? கொஞ்சமாவது?”

அருள்நாயகம் வாழ்நாளில் ஒருவர் இவ்வளவு ஆவலோடு தன் சரக்கில் விஷம் தேடுவதைப் பார்த்ததில்லை. மனமிரங்கி உண்மையைச் சொன்னார். “பேரீச்சம்பழம்.”

“அவ்வளவுதானா?”

“இஞ்சியும்.”

நிதுசன் அரிசி மூட்டையில் உட்கார்ந்தான். மூட்டை ஒருபக்கம் சரிந்தது. “நான் அதைக் குடிச்சனான் எண்டும் ஸ்வெயர் பண்ணிட்டன் அங்கிள்.”

“குடிச்சனீரோ?”

“நோ. ஸ்மெல் பண்ணினன். பிறகு அம்மா கேக்கில ஊத்தினவ.”

இப்போது அருள்நாயகத்தின் நிலைமையைப் பாருங்கள். பாகில் ஸ்டீராய்ட் இருக்கிறது என்றால் கடை போகும். இல்லை என்றால் பையன் போவான். அவனோடு, நிதுசனை உருவாக்கியவர் என்ற பெயரும் போகும், வாசல் வரிசையும் போகும். அன்றிரவு இராஜேஸ்வரி வழி சொன்னார். “இஞ்சருங்கோ, பேரீச்சம்பழம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன். உண்மைதானே?”

“பேரீச்சம்பழம் எண்டு தெரிஞ்சா ஆரப்பா வாங்குவினம்? அதைத்தானே எல்லாக் கடையிலும் விக்கிறாங்கள்.”

அவர் ஒரு நடுவழி கண்டுபிடித்தார்: பேசுவது. பேசிப் பேசி இருக்கா இல்லையா என்ற கேள்வியே கேட்டவருக்கு மறந்துபோகும்படி பேசுவது. பேரவைக் கணக்கறிக்கைகளை அவர் பல ஆண்டுகள் இப்படித்தான் நிறைவேற்றியிருந்தார்.

வழக்கு நீதிமன்றம் போகுமுன் நடக்கும் சாட்சி விசாரணைக்கு அருள்நாயகத்துக்கு அழைப்பு வந்தது. அது நகரின் நடுவில், வானளாவிய கட்டிடம் ஒன்றில், கழகத்தின் வழக்கறிஞர் மாக்கஸின் அலுவலகத்தில் நடந்தது. அருள்நாயகம் கோட்டுக்கு மேல் ஒரு பொன்னாடையைப் போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலம் போதுமான அளவு தெரிந்தும் மொழிபெயர்ப்பாளர் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் அவர் ஒரு கடைக்காரர், தமிழில்தான் தலைவர். துர்க்கா என்ற இளம் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்தவர்.

“இந்தப் பாகில் என்ன இருக்கிறது?” என்று மாக்கஸ் மரியாதையாகக் கேட்டார்.

அருள்நாயகம் சித்தர்களிடமிருந்து தொடங்கினார். மூலிகை, மண், மானம் என்று ஒரு சுற்றுச் சுற்றினார். துர்க்கா முகம் மாறாமல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் இறக்கி வைத்தார். மாக்கஸ் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, கொட்டாவி விடவில்லை. கடைசியில் அதே மரியாதையோடு, “நன்றி. என்ன இருக்கிறது?” என்றார்.

பக்கத்தில் நிலாணி பேனையைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். எதிரே நிதுசன் தலைகுனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்படியான வேளைகளுக்கென்று மேடைப் பேச்சில் ஒன்று உண்டு. அருள்நாயகம் எழுந்தார், பொன்னாடையை இழுத்துவிட்டார், மார்பில் அறைந்தார்.

“அதில என்ன சக்தி இருக்கெண்டு வார்த்தையால சொல்ல ஏலாது! இருவது வருசமா நான் நாளும் பொழுதும் குடிக்கிறன். என்ர உடம்பே சாட்சி! சந்தேகமிருந்தா என்ர உடம்பைச் சோதிச்சுப் பாருங்கோ! சவால் விடுறன்!”

தமிழ் மேடையில் விடப்படும் சவாலை யாரும் ஏற்பதில்லை. விடுபவருக்கும் அது தெரியும், கேட்பவருக்கும் தெரியும். கைதட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். மாக்கஸ் எந்தத் தமிழ் மேடைக்கும் வந்ததில்லை. துர்க்கா மொழிபெயர்த்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“சாட்சி தானாக முன்வந்து இவ்வளவு பெரிய மனதோடு ஒத்துழைப்பதைக் கழகம் பாராட்டுகிறது. சிறுநீர் மாதிரி போதும்.”

“அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது” என்றார் அருள்நாயகம். துர்க்கா அதையும் மொழிபெயர்த்தார்.

“அப்படியானால் அருந்துவதில்லையா?”

“குடிக்கிறன். குடிக்கிறன்தான்.”

அதுவாவது உண்மை. விற்காத போத்தல்களை வீணாக்கக்கூடாது என்று இராஜேஸ்வரி காலையும் மாலையும் கரண்டியோடு வந்து நிற்பார். ஆகவே ஒரு சிறிய பிளாஸ்டிக் குவளையோடு அருள்நாயகம் கழிப்பறைக்குப் போனார். விதிப்படி ஒருவர் கூடவே போனார். பொன்னாடை இடைஞ்சலாக இருந்ததால் அதை அவரிடமே பிடிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது.

முடிவு வரும்வரை நிதுசன் பொறுத்திருக்கவில்லை. பேரீச்சம்பழத்தில் தன் எதிர்காலம் தொங்குவதை நினைத்துப் பார்த்தான்போலும். அரிசோனாவில் குளிர்காலப் பயிற்சியின்போது ஒருவர் ஊசி போட்டதாகவும், என்ன ஊசி என்று தனக்கு நன்றாகவே தெரியும் என்றும் நிலாணியிடம் ஒப்புக்கொண்டான். அவள் அவனைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏசிவிட்டு, சத்தியக் கடதாசிகளை மீளப் பெற ஏற்பாடு செய்தாள். ஒப்பந்தம் போனது. சிறை போகவில்லை.

செய்தி பரவியதும் இராசரத்தினம் மாஸ்டர் இரண்டு போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாவது பாதி முடிந்திருந்தது. “எங்களை ஏமாத்திப்போட்டியள் அண்ணை” என்றார், உண்மையான வருத்தத்தோடு. “ஒண்டுமே இல்லாத சாமானை ஸ்டீராய்ட் எண்டு வித்திருக்கிறியள்.”

விசாரணை மீண்டும் கூடியபோது பதிவுக்காகச் சில வரிகள்தான் மிச்சம். மாக்கஸ் ஆய்வுகூட முடிவை வாசித்தார். துர்க்கா கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னார்.

சாட்சியின் சிறுநீரில் ஸ்டீராய்ட் எதுவும் இல்லை. சீனி இருந்தது.