சீன மணியும் எதிர்ப்பல்லும்

பல் டாக்டருக்குத் தன் கண்மேல் அசாத்திய நம்பிக்கை. இருக்காதா பின்னே? ஆயிரக்கணக்கான வருஷத்துச் சீனக் கண்ணாடி மணி என்று யாராவது எதையாவது நீட்டினால், லென்ஸைத் தேடி எடுப்பதற்குள்ளேயே பாதித் தீர்ப்பு வந்துவிடும். அந்தப் பைத்தியத்தை அவளுக்குத் தொற்றவைத்ததே மாமனார்தான். வட்டத்துக்குள் வட்டமாக நீலக் கண்கள் பதித்த மணிமாலை ஒன்று கடைசிவரை அவர் கழுத்தில் கிடந்தது. தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார், மகராசன்.

அவர் போனதும் மாலையை நடுவில் வெட்டி, மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். மகன், அதாவது டாக்டரின் கணவன், தன் பங்கை அன்றைக்கே பெட்டியில் வைத்துப் பூட்டினான். அப்புறம் யாரோ கண்காட்சிக்காரர்கள் மாலையைக் கேட்டு வந்தார்கள். வினையும் கூடவே வந்தது. முதலில் மகளுடைய பாதியைப் பார்த்தவர்கள், வெட்டிய முனையில் இருந்த மூன்று மணிகள் இந்தக் காலத்தில் அச்சில் வார்த்தவை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

கணவன் கொதித்துப்போனான். "அப்பா மணி விஷயத்துல ஒரு தடவைகூட ஏமாந்ததில்ல. இவதான் நல்லத வித்துட்டுப் போலியக் கோத்திருக்கா. திருடி" என்றான், தங்கை முகத்துக்கு நேராகவே.

ஞாயிற்றுக்கிழமை, மூடிய கிளினிக்கில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நாத்தனாருக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. தன் பாதியை டாக்டரின் தட்டில் வைத்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணி. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்."

டாக்டர் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தாள். "மூணும் போலிதான்."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை.

"கேட்டுக்கிட்டியா?" என்றான் கணவன்.

"கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க. போலின்னுதான் சொன்னேன். இவ மாத்தினான்னு சொன்னேனா? உங்க பெட்டியத் திறங்க."

முனகிக்கொண்டே திறந்தான். வெட்டுப்பட்ட முனையில், வெட்டுவதற்கு முன் அந்தப் போலிகளை ஒட்டி இருந்த அவனுடைய முதல் மணியை டாக்டர் எடுத்தாள். சந்தேகமே இல்லாத அசல். ஆனால் துளையைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தது. டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் பார்க்கிற சமாச்சாரம் அல்லவா? கெட்டியான செயற்கைப் பல்லைக் கட்டினால், அதோடு உரசுகிற சொந்த எதிர்ப்பல்தான் தேயும். இற்றுப்போன பழைய கண்ணாடிக்கும் அதே கதிதான்.

பல்லோடு பல் படுகிற இடத்தில் நீலம் ஒட்டிக் கடியைக் காட்டுகிற தாளை எடுத்தாள். போலி மணியின் முனையை அதில் தேய்த்துக் குழிக்குள் அழுத்தித் திருப்பினாள். குழி முழுக்க நீலம், ஒரு நூல் இடைவெளி இல்லை. வேறு மணியை வைத்துப் பார்த்தாள். ஆடியது.

"இந்தப் பெட்டியப் பூட்டினதுக்கப்புறம் யாராவது தொட்டாங்களா?"

"சாவி என்கிட்டதான இருக்கு."

"அப்ப இந்தக் குழி உங்கப்பா கழுத்துல விழுந்தது. வருஷக்கணக்கா உரசினாத்தான் இப்படித் தேயும். மூணும் ஒரே அச்சு, வாங்கும்போதே போலி. ஏமாந்தது உங்கப்பா."

அவன் தாளையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தான். தலைகீழாக நின்று பார்த்தாலும் குழி குழிதான். கடைசியில் பெட்டியைத் தங்கைப் பக்கம் நகர்த்தினான். "எல்லாத்தையும் நீயே வச்சுக்க."

"எனக்கெதுக்கு?" அவள் பெட்டியைத் தொடவில்லை. "அப்பா ஏமாந்துட்டார்னு நினைக்க உனக்கு மனசு வரல. நான் திருடினேன்னு நினைக்க மட்டும் எப்படிண்ணா வந்துச்சு?"

பல் பிடுங்க வந்தவன்போல் அவன் வாயைத் திறந்தான். டாக்டர் அவனுக்கு உதவப் போகவில்லை. பதில் சொல்லாமல் யாரும் எழுந்து போக வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.