பச்சரிசிக்கு அடியில்

பச்சரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டு ஜோதி துழாவிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் விளக்கோடு வைக்க ஒரு படி அரிசி கேட்டு லால்குடி சித்தி கூடத்திலிருந்து இரண்டு முறை குரல் கொடுத்தாகிவிட்டது. அரிசி மேலேயே இருந்தது. ஜோதி தேடியது அரிசியை அல்ல.

அடியில் விரலுக்கு எவர்சில்வர் டப்பா தட்டுப்பட்டது. எடுத்து மாவைத் தட்டினாள். உள்ளே அம்மாவின் பல் செட். பதினோரு நாளைக்கு முன்னால் அவளே ஒளித்து வைத்தது.

காரணம் இருந்தது. அம்மா ராசாத்திக்கு வயது எழுபத்து மூன்று, சர்க்கரைக்கு வயது இருபது. கால் கட்டைவிரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் ஜோதி தலையணை உறையை மாற்றினாள். உள்ளிருந்து ஏழு கடலை மிட்டாய் விழுந்தது. அவள் கத்தவில்லை. கழுவித் தருகிறேன் என்று வாங்கிப்போன பல் செட்டைத் திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான்.

"கஞ்சி குடிக்கப் பல்லு எதுக்கும்மா?"

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஒனக்கு மொதப் பல்லு முளைச்சப்போ குவார்ட்டர்ஸ் பூராத் தூக்கிட்டுப் போயிக் காட்டினேன். நீ என் பல்லக் கழட்டி ஒளிச்சு வைக்கிறே. நல்லாயிருடி."

அம்மா பல்லில்லாமல் யார் முன்னாலும் நின்றதில்லை. திருவெறும்பூர் ஃபேக்டரியில் வெல்டராக இருந்த அப்பா செத்த அன்றுகூட உள்ளே போய்ப் பல்லை மாட்டிக்கொண்டு வந்துதான் அழ உட்கார்ந்தாள். ஜோதிக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தாள். வெளியே போக வெட்கப்பட்டால் கடைக்கும் போகமாட்டாள் என்பது அவள் கணக்கு. தென்னூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை திருவானைக்காவல் வீட்டில் அம்மா தனியாகத்தான் இருப்பாள். காவலுக்கு வேறு வழி தெரியவில்லை.

பதினோரு நாளும் அம்மா அவள் எதிரில் முந்தானையை வாயிலிருந்து எடுக்கவில்லை. கஞ்சியைச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தாள். வீம்பு என்று ஜோதி நினைத்தாள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தாள். பிறகு நினைக்க நேரமில்லை.

டப்பாவைத் திறந்தாள். பதினோரு நாள் தண்ணீர் நாறியிருக்க வேண்டும். நாறவில்லை. தெளிவாக இருந்தது. கடைவாய்ப் பல் இடுக்கில் செம்பழுப்பாக ஒரு கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

"அரிசி வருதா, இல்ல அறுவடை பண்ணப் போயிட்டியா?" என்றாள் சித்தி.

ஜோதி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு படியை நிரப்பினாள்.

கூடத்தில் கண்ணாடி மூடிபோட்ட குளிர்பெட்டி வந்து இறங்கியிருந்தது. பெட்டிக்குள் வைப்பதற்கு முன் அம்மாவுக்கு வேறு புடவை சுற்றிக்கொண்டிருந்தாள் லூர்துராணி. குவார்ட்டர்ஸ் காலத்திலிருந்து அம்மாவின் சிநேகிதி, ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள், இப்போது அடுத்த தெரு. ஜோதி அவளருகில் குனிந்து டப்பாவைக் காட்டினாள்.

லூர்துராணி கையைத் துடைத்துக்கொண்டாள். தாடைக் கட்டை அவிழ்த்தாள். விரலால் உதட்டை விலக்கிப் பார்த்தாள். இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"இறுகிடுச்சு ஜோதி. இனிமே போட முடியாது. உயிர் போனவுடனே போட்டிருக்கணும்."

அது ஜோதிக்கும் தெரியும். காலை ஐந்தரை மணிக்குச் சர்க்கரை போடாத காப்பியோடு போய் எழுப்பியபோது உடம்பில் சூடு இருந்தது. தாடை தளர்வாகத்தான் தொங்கியது. பல் ஞாபகம் அப்போதே வந்தது. டிரம்மைத் திறந்தால், ஏன் அங்கே என்று வளவன் கேட்பான். நல்ல புருஷன்தான், ஆனால் கேட்பான். அதனால் பழைய வேட்டியைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். செத்தவள் பக்கத்தில் நின்றுகொண்டு தன் மானத்தைப் பார்த்தாள். இதற்கு வேறு பெயர் கிடையாது.

கன்னம் இரண்டும் உள்ளே போய், உதடு மடிந்து, பெட்டிக்குள் கிடந்தது வேறு யாரோ ஒரு கிழவி. வந்த ஜனங்கள் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு, அடையாளமே தெரியலையே என்றார்கள்.

தம்பி இளவரசன் சென்னையிலிருந்து காரில் வந்து சேர மணி ஒன்றாகிவிட்டது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். கண்ணாடியில் இரண்டு கையையும் ஊன்றி ரொம்ப நேரம் பார்த்தான். ஜோதி பக்கத்தில் நின்றாள். வயிற்றில் டப்பா குத்தியது.

"பல்லு எங்கக்கா?"

"கழட்டி வச்சேன்."

"தூங்கும்போது கழட்டிடும்ல. அப்படியே போயிருச்சு போல." பொய்யை அவனே தைத்துக் கொடுத்தான். அவள் போட்டுக்கொண்டாள்.

"முந்தாநாள் மத்தியானம்கூட வீடியோல பேசுச்சு. பல்லு பூராத் தெரியச் சிரிச்சுது. என்னம்மா விசேஷம்னேன். ஒங்க அக்கா வீட்ல இல்ல, அதான் விசேஷம்னுச்சு." சொல்லும்போதே சிரிப்பு வந்து, அதை முடிக்க முடியாமல் அவன் உடைந்தான்.

ஜோதி அவன் முதுகைத் தடவினாள். "முந்தாநாளா?"

"தினம் பேசும்க்கா. சரியா பன்னெண்டு மணிக்கு."

அவள் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். துணி துவைக்கிற கல்லில் லூர்துராணி உட்கார்ந்து பிளாஸ்டிக் டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை?"

"எது?"

ஜோதி டப்பாவை எடுத்தாள்.

"அதுவா?" லூர்துராணி மிச்ச டீயைச் செடியில் ஊற்றினாள். "மறுநாளே கண்டுபிடிச்சிட்டா. ஒம்பது மணி நேரம் வீட்ல ஒருத்தி சும்மா ஒக்காந்திருக்கா. நீ அரிசிக்குள்ள ஒளிச்சா என்ன, அம்மிக்குள்ள ஒளிச்சா என்ன? ஒன் ஸ்கூட்டி முக்குத் திரும்பினதும் மாட்டிக்குவா. கேட்டுல நின்னு தெருவையே இழுத்து வச்சுப் பேசுவா. நீ வர அரைமணி நேரத்துக்கு முன்னாடி கழுவி, தண்ணி மாத்தி, அரிசிய மேல சமமாத் தடவி வச்சிடுவா. மெஷினு ஆபரேட்டர் மாதிரி."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் கேட்டேன். இத்தினி பயந்து எதுக்குடி வாழறே, பொண்ணுகிட்ட கேட்டு வாங்கிக்கன்னேன்." லூர்துராணி காலி டம்ளரைக் கல்லில் கவிழ்த்தாள். "பயமாவது ஒண்ணாவதுன்னு சொன்னா. பாவம், ஜோதி எல்லா இடத்துலயும் தோத்துட்டு வருது, இந்த ஒண்ணுலயாவது ஜெயிச்சிட்டுப் போவட்டும்னா."

ஜோதி டப்பாவின் மூடியைத் திருகினாள். திறக்கவில்லை.

தினமும் காலையில் விரலில் குத்திப் பார்க்கும் சர்க்கரை மெஷின் முந்நூறுக்குக் கீழே இறங்காதது ஞாபகம் வந்தது. கஞ்சியில எப்படிம்மா முந்நூறு வரும் என்று கேட்பாள். ஒன் மெஷினுக்கு என்மேல பொறாமைடி என்று முந்தானைக்குள்ளிருந்து பதில் வரும். அந்த முந்தானைக்குப் பின்னால் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாளா என்பதுகூட இப்போது தெரியாது. அப்போது அதை இழுத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

"மிட்டாய் நீங்க வாங்கித் தந்தீங்களா?"

"நான் முறுக்கு மட்டுந்தான். மிட்டாய் அவளே போயி கோயில் கடையில வாங்கிக்குவா." லூர்துராணி மூக்கைச் சிந்தினாள். "வேணாம்னுதான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கலாம்." பிறகு எழுந்தாள். "அதைத் தலைமாட்டுல வச்சு அனுப்பிடு. போற எடத்துல பல்லில்லாம கதவையே தொறக்க மாட்டா."

மூன்று மணிக்குக் குளிப்பாட்டினார்கள். சித்தியின் மகன் பிறந்த வீட்டுக் கோடி கொண்டு வந்திருந்தான். மாம்பழ நிறத்தில் சுங்கடிச் சேலை. அம்மா பார்த்திருந்தால், உசுரோட இருக்கும்போது எடுத்திருந்தா ரெண்டு தடவை கட்டியிருப்பேனே என்று கேட்டிருப்பாள். ஜோதிதான் மடிப்பு வைத்துக் கட்டிவிட்டாள். டப்பா இடுப்பிலேயே இருந்தது.

வாய்க்கரிசிக்கு வரிசையாக வரச் சொன்னார்கள். காலையில் அவள் எடுத்த அதே டிரம் அரிசி. இளவரசன் போட்டான். வளவன் போட்டான். அவள் முறை வந்தது. தாடைக் கட்டை அவிழ்த்த பிறகும் வாய் திறக்கவில்லை. அரிசி உதட்டு மடிப்பில் நின்று, கன்னக் குழியில் சறுக்கி விழுந்தது. தலைமாட்டுத் துணி விலகியிருந்தது. டப்பா போகிற அளவுக்கு இடம் இருந்தது. அவள் கை இடுப்புக்குப் போனது.

"என்னக்கா அது?" என்றான் இளவரசன். அவன் தலைப்பக்கமே நின்றிருந்தான்.

சொல்ல ஒரு வரிதான் இருந்தது. பதினோரு நாளைக்கு முன்னால் நான் பிடுங்கி ஒளித்தேன் என்று. அவன் கோபித்துக்கொள்வான், அல்லது கோபித்துக்கொள்ளாமலே போவான். அம்மாவுக்கு அவள் கொடுக்க மிச்சமிருந்தது அந்த ஒரு வரி மட்டும்தான்.

"ஒண்ணுமில்ல. சாவி" என்றாள்.

தூக்கினார்கள். தெருமுனை வரை பெண்கள் போனார்கள். வண்டி ஓயாமாரி சுடுகாட்டுப் பக்கம் திரும்பியது. குடம் உடைத்த இடத்தில் ஈரம் காயும் வரை லூர்துராணி ஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜோதி கைக்குள் டப்பா இருந்ததை உணர்ந்திருப்பாள். தன் கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை பாலூற்றிச் சாம்பல் எடுத்து வர ஆண்கள் கிளம்பிப் போனார்கள். அடுப்படியில் ஜோதி மட்டும் இருந்தாள். கடிகாரம் எட்டு காட்டியது. வழக்கமாக ஸ்கூட்டியை எடுக்கும் நேரம்.

டப்பாவைத் திறந்து தண்ணீரைக் கொட்டினாள். பல் செட்டை இரண்டு பக்கமும் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கடலைத் தோல் இருந்த இடத்தில் மட்டும் பிரஷைக் கொண்டுபோகவில்லை. புதுத் தண்ணீர் பிடித்து மூடினாள்.

பச்சரிசி டிரம்மைத் திறந்தாள். நேற்று அவள் துழாவிய பள்ளம் அப்படியே இருந்தது. அரிசியைக் கையால் சமமாகத் தடவிவிட்டாள். டப்பாவை அடியில் புதைக்கவில்லை. மூடியைத் திறந்ததும் கண்ணில் படுகிறமாதிரி மேலேயே வைத்தாள்.

பிறகு லேசாக, இறுக்காமல், டிரம்மை மூடினாள்.