குழிக்குள் போன பூசணி விதை

எங்கள் வீட்டுக்காரர் சென்னப்பனுக்குப் புதிதாக எதையாவது சொல்லிக் கொடுத்தால் போச்சு, வீடு தாங்காது. தை மாதம் கிராம சேவகர் சைக்கிளில் வந்து, குப்பையைக் குழியில் போட்டு மக்க வைத்தால் தோட்டம் காய்த்துத் தள்ளும் என்றார். யார் குழி நன்றாக இருக்கிறதோ அவர் வாசலில் ‘மாதிரிக் குழி’ என்று போர்டு அடிப்பாராம். அவ்வளவுதான், இந்த மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சருகு, சாம்பல், கோழி எச்சம், என் விளக்குமாறு எல்லாம் குழிக்குள். வீட்டில் நான் ஒருத்திதான் மிச்சம்.

மாசிக் கடைசியில் கொல்லையைக் கொத்திப் பாத்தி கட்டினேன். விதை எடுக்கலாமென்று பின்சுவருக்குப் போனால், ஐயையோ, சாணி வில்லைகளைக் காணோம்! எங்கள் பக்கம் பூசணி விதையைச் சாணிக்குள் புதைத்து, வில்லையாகத் தட்டிச் சுவரில் அப்பி வைப்போம். பூச்சி அண்டாது. அந்த வில்லைகளுக்குள் இருந்தது காவேரிப்பட்டினத்திலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பூசணி. அம்மாவும் போய்விட்டாள், அண்ணன் வீட்டில் அந்த விதையும் அற்றுப்போயிற்று. இனி என்னிடம் இருந்தால்தான் உண்டு.

“ஏங்க, செவுத்துல இருந்த வில்லை எங்க?”

“காஞ்ச வரட்டிதானே? கம்போஸ்டுக்கு அருமையான சரக்கு! போட்டு மிதிச்சுட்டேன்” என்றார், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

“அடப் பாவி மனுசா! அதுக்குள்ள எங்கம்மா வெத இருந்துச்சே!”

இருவரும் ஓடிப்போய்க் குழியைக் கிளறினோம். ஆவி பறந்தது. கிடைத்த விதையெல்லாம் வெந்து கூழாகியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். அழுது முடித்துச் சொன்னேன்: “எங்கம்மா வெத மொளைக்கிற வரைக்கும் இந்த வீட்ல களி கிண்ட மாட்டேன். தண்ணிக் கூழுதான்.”

களி இல்லாமல் அவருக்கு உயிரே நிற்காது. மறுவாரம் சந்தைக்குப் போய்வந்தவர், “வெங்கடம்மா, இங்க பாரு, தப்பிச்ச வில்லை!” என்று கூவினார். பார்த்தேன். வில்லையில் பதிந்திருந்த விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழத் தண்டி. என் கையா அது? சாணி இன்னும் ஈரமாக வேறு இருந்தது. அதை எடுத்து அவர் முதுகிலேயே தட்டினேன். அன்றைக்குக் கூழுக்கு மோரும் கிடையாது.

பங்குனியில் கிராம சேவகர் போர்டும் ஆணியும் சுத்தியலுமாகக் குழியைப் பார்க்க வந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். குழியின் ஓரத்தில், சூடு எட்டாத இடத்தில், என் விரல் பதிந்த வில்லை ஒன்றைப் பிளந்துகொண்டு ஒரே ஒரு பூசணி முளை!

“குழி பேஷ்!” என்றார் கிராம சேவகர். “அந்தச் செடிய மட்டும் பிடுங்கிப் போட்டு ஒரு கிளறு கிளறி விடுங்க. போர்டை இப்பவே அடிச்சுடறேன்.”

வீட்டுக்காரர் போர்டைப் பார்த்தார். முளையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவேயில்லை. தை மாதத்திலிருந்து தூக்கத்தில்கூட அந்தப் போர்டைப் பற்றியே உளறிய மனுஷன்.

திடீரென்று குழிக்குள் குதித்தார். முளைக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து, கோழி அடைகாப்பது போலக் குந்திக்கொண்டார்.

“போர்டை எடுத்துட்டுப் போயிடுங்க சார்.”

“ஏம்ப்பா, ஒரு பூசணிச் செடிக்கா?”

“செடியில்லைங்க சார்” என்றார், கையெடுத்துக் கும்பிட்டு. “எங்க மாமியாரு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. அந்தக் கிறுக்கு மனுஷன் மேல் அப்படியொரு ஆசையும் வந்தது. உள்ளே ஓடிக் களிக்கு உலை வைத்தேன், கிராம சேவகருக்கும் சேர்த்து.