இரண்டு நகங்கள்

ஏலவார்குழலி தன் இடக்கையின் இரண்டு நகங்களைக் கண்ணைப்போல் காத்து வந்தாள். நடுவிரலிலும் மோதிர விரலிலும் நீண்டிருந்த அவற்றின் விளிம்பை ரம்பப் பற்களைப்போல் அராவி வைத்திருந்தாள். பிள்ளையார்பாளையத்துக் குழாயடியில் அது ஒரு வேடிக்கை.

"இன்னா குழலி, யார் மூஞ்சியப் பிறாண்டப் போற?" என்பாள் அடுத்த வீட்டுத் துர்காதேவி.

"உன் மூஞ்சிதான்க்கா கிட்டத்துல இருக்குது" என்பாள் குழலி.

இரண்டாண்டுகளுக்கு முன் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தார் ஜப்பானில் ஒரு கண்காட்சிக்கு அவளை அழைத்துச் சென்றனர். கியோட்டோ நகரில் ஹருயோ என்னும் அம்மையார், பல் வெட்டிய நகங்களாலேயே குறுக்கே ஓடும் ஊடையிழையை வாரி இறுக்கிச் சித்திரம் நெய்வதைக் கண்டாள். கண்டவள் அவ்விடத்தை விட்டு அசையவில்லை. அம்மையார் சிரித்துக்கொண்டே தம் தறியில் அவளை உட்காரவைத்தார். ஒரு கொக்கின் கழுத்து வந்தது, அலகு வந்தது, கண்ணை நெய்வதற்குள் பேருந்து வந்துவிட்டது. கண்ணில்லாத அந்தக் கொக்கு அன்று முதல் அவளைத் தூங்கவிடவில்லை.

அம்மையார் இந்த வசந்தத்தோடு தம்மிடம் தொழில் பழகப் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தப்போகிறார். எஞ்சியிருந்த ஓரிடத்தைக் குழலிக்கென வைத்திருந்தார். நகம் வளர்த்துப் பல் வெட்டிய கையோடு வரவேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே கட்டுப்பாடு. அக்கையை இன்று மாலை கைப்பேசியில் காட்ட வேண்டும்.

"ஒரு வருசம்தானே, போய்ட்டு வா. என் தம்பிய உன் எடத்துல உக்கார வச்சுத் தறிய ஓட்டிக்கிறேன்" என்று கணவன் உதயகுமார் எப்போதோ சொல்லிவிட்டான்.

ஆனால் முகூர்த்தம் முன்னே தள்ளப்பட்டதால், கல்யாணப் பட்டு நெய்யக் கொடுத்திருந்த வாலாஜாபாத் பெண் வீட்டார் சேலைக்காக இன்றே வந்து கூடத்தில் அமர்ந்திருந்தனர். தறியில் இன்னும் ஒரு முழம் பாக்கி. இத்தனை நாளும் அவ்விரு விரல்களை மடக்கியபடியே கணவனுக்கு எதிர்ப்புறமிருந்து சேலைக் கரைக்கான இழை ஓடும் நாடாவை எறிந்து வந்தவள், அவசரத்தில் கையை விரித்துவிட்டாள். நகத்தின் பல், நெடுக்கே ஓடும் பாவில் மாட்டிற்று. அரக்கு நிற இழைகள் ஒரு கொத்தாக அறுந்தன.

உதயகுமார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானே முடிச்சுப்போட முயன்றான். கிட்டத்திலிருக்கும் இழை அவன் கண்ணுக்குப் புலப்படாது. அறுந்ததை முடிச்சிடுவது என்றுமே அவள் வேலை.

"தம்பி எங்கங்க?"

"ஏகாம்பரநாதர் தேர் பார்க்கப் பூட்டான். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல."

அவள் நகங்களின்மேல் துணியைச் சுற்றிக்கொண்டு முயன்றாள். இழை விரலுக்குத் தெரியவில்லை. அவிழ்த்துவிட்டுத் தொட்டாள், பக்கத்து இழையும் அறுந்தது.

கூடத்திலிருந்து, "ஆச்சாம்மா? பொண்ணுக்கு நலங்கு வைக்க நேரமாவுது" என்று குரல் வந்தது.

"வாணாம் குழலி. நான் இன்னொரு தபா பார்க்கிறேன்" என்றான் உதயகுமார். அவன் பிடித்த இழை மீண்டும் நழுவியது. அவள் இழைப் பிசிறுகளைக் கத்தரிக்க வைத்திருந்த சிறு கத்தரிக்கோலை எடுத்தாள். இரண்டே வெட்டு, நகத்துக்கு ஒன்று. அதன்பின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக ஒழுங்காக விழுந்தன.

மாலையில், ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராயிருக்கும் ஜீவிதா வந்து கைப்பேசியைப் பிடித்தாள். திரையில் ஹருயோ அம்மையார் தலை தாழ்த்தி வணங்கினார். குழலி கையை நீட்டினாள். அம்மையார் பார்த்துவிட்டு மெல்ல ஏதோ கூறினார்.

"நகம் இல்லாம சேர்த்துக்க முடியாதாம்க்கா. அந்த இடத்த வேற ஒருத்தங்களுக்குக் குடுத்துடுவாங்களாம். ரொம்ப சாரின்னு சொல்றாங்க. இன்னா நடந்துச்சுன்னு நான் எடுத்துச் சொல்லட்டா?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது? இன்னிக்குள்ள நகம் முளைக்குமா? அந்தக் கொக்குக்குக் கண்ணு வச்சாச்சான்னு மட்டும் கேளு."

ஜீவிதா கேட்டு, விடையைத் தமிழில் சொன்னாள்.

"அத அன்னிக்கே பிரிச்சுட்டாங்களாம்க்கா. பழகுறவங்க நெய்றத எல்லாம் பிரிச்சுடுவாங்களாம்."

குழலி மொட்டையாகிவிட்ட விரல் நுனியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுத் தறியிலும் பழகுபவர் நெய்ததைப் பிரிப்பதுதான் வழக்கம்.

"சரிதான்னு சொல்லுமா" என்றாள்.