தேமல் இல்லாத குச்சிகள்

எங்கள் ஊரில் குச்சிக்கிழங்குக் குச்சியை, அதாவது மரவள்ளித் தண்டை, யாரும் விற்பதில்லை. கேட்டவருக்கு இல்லையென்று சொல்வதும் இல்லை. கிழங்கு பிடுங்கியதும் தண்டுகளைக் கட்டி நிழலில் நிறுத்திவைப்போம்; நடவுக்கு வேண்டியவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். அந்த வழக்கத்தை இந்த மார்கழியில் நான் மீறினேன்.

கேட்டு வந்தவர் சின்னண்ணன் மாமா. என் கணவர் மோகன்குமாருக்குப் பெரியப்பா மகன். எங்கள் மூன்று ஏக்கரின் மேற்கு வரப்பைத் தாண்டினால் அவருடைய இரண்டு ஏக்கர் காடு; விளைநிலத்தை எங்கள் பக்கம் காடு என்போம்.

"அம்மணி, நாளைக்கு வண்டி அனுப்பறேன். ஒரு இருவது கட்டு போட்டு உடு."

"இந்த வருசம் குடுக்கறதுக்கு இல்லீங்க மாமா."

அவர் வேப்பமரத்தடியைப் பார்த்தார். அறுபது கட்டுகள் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தன.

"அப்ப அதென்ன, கரும்பா?"

"எங்களுக்கே சரியாப் போயிருமுங்க."

எனக்குப் பேச்சை நீட்டத் தெரியாது. அந்த அறுபது கட்டும் எப்படி வந்தன என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

தேமல் என்பது ஒரு வைரஸ் நோய். இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழும். கிழங்கு விரல் பருமனிலேயே நின்றுபோகும். நோய் தண்டுக்குள் இருக்கிறது. அந்தத் தண்டை வெட்டி நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். கிழங்கு பிடுங்கும் பருவத்தில் இலை கொட்டிவிடுவதால் நல்ல செடி எது, சீக்குச் செடி எது என்று தெரியாது. ஆகவே எல்லோரும் தடித்த குச்சியாகப் பார்த்து எடுப்பார்கள். நானும் பதினைந்து வருடம் அப்படித்தான் எடுத்தேன். வாழப்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒருமுறை போனபோது அங்கே ஒரு பெண் அதிகாரி, "இலை இருக்கும்போதே பார்த்து அடையாளம் வச்சிட்டா என்னங்க?" என்று கேட்டார். திரும்பும் பேருந்தில் வழி முழுக்க அந்தக் கேள்வியோடுதான் வந்தேன். இவ்வளவு எளிய விஷயம் ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

அந்த வருடம் மூன்று ஏக்கரில் தேமல் இல்லாத செடிகள் முப்பத்தேழு. பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் கட்டினேன். அடுத்த வருடம் அவற்றின் குச்சிகளை மட்டும் நட்டேன்; மீதி இடத்தில் சோளம் போட்டோம். எட்டு நாளைக்கு ஒருமுறை வரிசை வரிசையாக நடந்து, மஞ்சள் தெரிந்த செடியை வேரோடு பிடுங்கி எரித்தேன். "ஊரெல்லாம் செடி வளத்துது, என்ற பொண்டாட்டி புடுங்கறா" என்று மோகன் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். மூன்றாவது வருடம் ஆயிரத்தைந்நூறு செடி தேறியது. அவற்றின் தண்டுகள்தாம் அந்த அறுபது கட்டு. மூன்று ஏக்கருக்குச் சரியாக இருக்கும். ஒரு குச்சி மிஞ்சாது.

சின்னண்ணன் மாமா இன்னும் போகவில்லை. துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார்.

"என்ற பையன் சந்தோஷ்குமாரு பெங்களூர்ல இருக்கறான்ல, அவன் சொல்றான். இனி உலகத்தை மாத்தப்போற சயின்ஸு ஒண்ணே ஒண்ணுதானாமா. ஏஐ. இலையைப் போட்டோ புடிச்சாப் போதும், சீக்கு என்னன்னு போனே சொல்லிப்போடுதாமா. நீ என்னடான்னா சீலைக் கிழிசலைக் கட்டிக்கிட்டு இருக்கற."

"நானும் பாத்தனுங்க மாமா. சரியாத்தான் சொல்லுது."

"அப்பறம்?"

"தேமல்னு சொல்லுது. புடுங்கறது நாமதானுங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "குச்சிக்கு இல்லைன்னு சொன்ன ஊடு நம்ம பங்காளிகள்ல இது ஒண்ணுதான். ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உலகத்தை மாற்றப்போவது ஏஐ என்று அவர் சொன்னது ஒரு பதில். எந்த அறிவியல் மாற்றும் என்ற கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. நான் பன்னிரண்டாவது வரைதான் படித்தேன். ஆனால் ராசிபுரத்து நூலகத்தில் அறிவியல் புத்தகங்களை ஒன்றுவிடாமல் எடுத்துப் படிக்கிறவள். விண்வெளி, கணினி, மருத்துவம் என்று ஒவ்வொன்றும் தான்தான் நாளைய உலகம் என்று சொல்லும். படிக்கும்போது அது உண்மை என்றே இருக்கும். மூடி வைத்துவிட்டுக் காட்டுக்கு வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒரு தண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு குடும்பத்தின் வருடத்தைத் தின்கிறது. அது அங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர், ஒரு வெள்ளை ஈ அதைச் செடிவிட்டுச் செடி கொண்டுபோகிறது என்று கண்டுபிடித்தவர், இவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் மூன்று ஏக்கரை மாற்றியது அவர்களுடைய அறிவியல்தான். எல்லாருடைய சோற்றையும் அதுதான் காப்பாற்றும் என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் நடவுக் கணக்குப் போட என் நோட்டை எடுத்தேன். அதில் ஒவ்வொரு வரிசையையும் கோடாக வரைந்து, பிடுங்கிய செடிக்கு ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன். எத்தனை குறி என்று எண்ணத்தான் அதை இதுவரை பயன்படுத்தினேன். மோகன் சாப்பிட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, மேகாட்டுப் பக்கம் மட்டும் மழை பேஞ்சாப்பல இருக்குது?"

நான் நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தேன். மேற்கு ஓரத்து வரிசைகளில் குறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடந்தன. கிழக்கே போகப் போகக் குறைந்து, கிழக்கு வரப்புத் தென்னைகளுக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டுதான். முந்தைய வருடத்துப் பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் அப்படியே. ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. மேற்கே இருப்பது சின்னண்ணன் மாமாவின் காடு. அவர் காட்டுத் தேமலை வெள்ளை ஈ சுமந்து வந்து என் காட்டில் இறக்கிக்கொண்டிருந்தது.

மோகன் கையைக் கழுவிவிட்டு வந்தும் நோட்டு என் மடியில்தான் இருந்தது.

"அறுவது கட்டையும் நம்ம காட்டுலயே நட்டாலும் ரெண்டு வருசத்துல பழையபடி ஆயிருமுங்க. மாமா காடு சுத்தமானாத்தான் நம்ம காடு நிக்கும்" என்றேன்.

"அதுக்கு?"

"நாப்பது கட்டு அவருக்குக் குடுத்தர்லாம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "மூணு வருசம் வெயில்ல நடந்தவ நீ. நேத்து இருவதுக்கே இல்லைன்ன. இன்னைக்கு நாப்பதா? நம்ம ரெண்டு ஏக்கரா சும்மா கெடக்கறதா?"

"சோளம் போட்டுக்கலாமுங்க."

"மானம் போனது போனதாவே இருக்கட்டும், குச்சியாவது மிஞ்சட்டும்னு இருந்தேன். ரெண்டையும் உட்டர்ற" என்றார். ஆனால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

சின்னண்ணன் மாமா வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் அவருடைய குச்சிகள் சாத்தியிருந்தன, ஒவ்வொன்றும் மணிக்கட்டுப் பருமன்.

"வா அம்மணி. கரும்பு வெட்டியாச்சா?"

"நாப்பது கட்டு தாரனுங்க மாமா. உங்க ரெண்டு ஏக்கராவுக்கும்."

அவர் என் கணவரைப் பார்த்தார். மோகன் என்னைக் கைகாட்டினார்.

"ஆனா உங்க குச்சி ஒண்ணுகூட நடக்கூடாதுங்க. எட்டு நாளைக்கு ஒருக்கா நான் உங்க காட்டுக்குள்ள வருவேன். நான் காட்டற செடியைப் புடுங்கோணும்."

"என்ற காட்டுல நீ புடுங்குவியா?"

சுவரோரத்துக் குச்சி ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இந்தத் தண்டைப் பாரு. இதை நடாம வெறகாக்கச் சொல்ற. ஒரு ஏக்கராவுக்கு உன்ற குச்சி, ஒரு ஏக்கராவுக்கு என்ற குச்சி. அப்படி வச்சுக்கலாம்."

"அப்படீன்னா வேண்டாமுங்க."

"ஏனாம்?"

நோட்டை விரித்து அவர் மடியில் வைத்தேன். எது மேற்கு, எது கிழக்கு என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டு, இரண்டு வருடத்துப் பக்கங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். விரலை மேற்கு வரப்பின் மேல் வைத்தார்.

"என்ற காட்டுலருந்துதான் வருதுங்கற."

"ஆமாங்க. உங்களுக்கும் உங்க குச்சியில இருந்துதான் வருது. உங்களைக் குத்தம் சொல்ல வரலீங்க."

"குடுத்துப்போட்டு நீ எத்தனை நடுவ?"

"ஒரு ஏக்கரா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பைத்தியம் புடிச்ச பொம்பளை. வண்டியை வேப்பமரத்தடிக்கே உடச் சொல்றேன்" என்று மோகனிடம் சொன்னார். தடித்த குச்சிகள் தை முழுக்க அவர்கள் வீட்டில் தண்ணீர் காய எரிந்தன.

தை கடைசியில் அவர் காட்டில்தான் முதலில் நட்டோம். பங்குனியில் நான் மூன்றாவது முறை உள்ளே போனபோது எனக்கு முன்பே அவர் அங்கே இருந்தார். கையில் வேரோடு இரண்டு செடிகள்.

"ரெண்டைப் புடிச்சுட்டேன் அம்மணி."

வாங்கிப் பார்த்தேன். "இது தேமலுங்க. இது நல்ல செடி. வெறும் சத்துக்குறைவு."

"அடப் போச்சு போ. ரெண்டும் மஞ்சளாத்தான இருக்குது?"

"இதுல இலை பூரா ஒரே மாதிரி வெளுத்திருக்குது பாருங்க. அதுல திட்டுத் திட்டா, ஒரு பக்கம் சுருங்கி."

இரண்டு இலைகளையும் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சந்தோஷு போன் பண்ணுனான். இதெல்லாம் எதுக்கு, போட்டோ புடிச்சு அனுப்பு, நான் பாத்துச் சொல்றேன்னான்."

"அனுப்புங்க மாமா. நல்லதுதானுங்களே."

"அனுப்பறேன். மொதல்ல இந்த வரிசையை முடிச்சர்லாம்."

நான் வலப்பக்கம் பார்த்து வர, அவர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று, பிடுங்கும் முன் என்னைக் கேட்டார்.