மிஷின் கொடுத்தாயிற்று

ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஜெயக்கொடி காது மிஷினை மூன்றாவது முறையாகக் கழற்றினாள். மலையம்மாள் மறுபடி மாட்டினாள்.

"போட்டுக்கிட்டு வாடி. சர்க்கார் குடுத்தது. வாங்கிட்டுப் போடாம வந்தாகன்னு ஒரு பேச்சு வரக்கூடாது."

மகளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் இருபத்து நான்கு வருடங்களாக இப்படித்தான் பேசினாள். சோறு, தண்ணீர், வா, போ இவற்றுக்கு அவளிடம் சைகை உண்டு. அதற்கு மேல் இல்லை. மகள் பள்ளியில் கற்ற சைகை மொழி வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. ரவிக்கையில் குத்தி, ஒயரைக் காதுக்கு ஏற்ற வேண்டும். பிறவியிலேயே கேட்காதவளுக்கு அதில் எதுவும் கேட்கவில்லை. தலைதான் வலித்தது.

அவர்கள் கேட்டது மிஷினை அல்ல.

ஜெயக்கொடியின் புருஷன் அழகுபாண்டி அவளைச் சோழவந்தானுக்கு, தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வயது மகள் சத்யப்ரியாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஆகிறது. "செவிட்டுப் பொம்பளைய நம்பி புள்ளைய விட முடியுமா?" என்றது அவன் வீடு. ஊரும் அதைச் சரி என்றது. மதுரையில் குடும்ப ஆலோசனை மையம் இரு தரப்பையும் கூப்பிட்டது. முதல் இரண்டு தடவை, ஜெயக்கொடி படித்த பள்ளியின் ஆசிரியை நாகமணி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள், இவள் கைகள் சொல்வதை வாயால் சொல்ல. இரண்டு தடவையும் அழகுபாண்டி வரவில்லை. மூன்றாம் தடவை பள்ளி விடுப்பு தரவில்லை. நாகமணிக்குத் தற்காலிக வேலை. அரசாங்கம் கடிதம் கொடுத்து, கூலியும் கொடுத்தால் அனுப்பலாம் என்றார்கள்.

நாகமணியே மனு எழுதிக் கொடுத்தாள். திங்கட்கிழமை மனு நாளில் மலையம்மாள் வெற்றிலைக் கொடிக்கால் வேலையை விட்டுவிட்டு கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றாள். ஊனமுற்றோர் பிரிவு எழுத்தர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கையாட்டுறதுக்குச் சம்பளமா? அது டிராபிக் போலீசுக்குத்தான் ஆத்தா குடுப்பாக."

பக்கத்து மேசை சிரித்தது.

"எம்மக சொல்றத எடுத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும்யா. புள்ள விசயம்."

"நிதி இருக்கு. காது மிஷினுக்கு இருக்கு, தையல் மிஷினுக்கு இருக்கு, மூணு சக்கர வண்டிக்கு இருக்கு. ஆளுக்கு எந்தத் தலைப்புல எழுத? காது மிஷின் வேணும்னா இன்னைக்கே வாங்கிட்டுப் போ."

வெறுங்கையோடு திரும்ப அவளுக்கு மனம் வரவில்லை. வெற்றிலைக் கறை படிந்த பெருவிரலை உருட்டிவிட்டு வாங்கிக்கொண்டாள். மனுவின் மேல் எழுத்தர் எழுதினார்: உதவி உபகரணம் வழங்கப்பட்டது. கோரிக்கை முடிக்கப்பட்டது.

பஸ் இறங்கி மையத்துக்கு வந்தார்கள். அதிகாரி ஐம்பது வயதுப் பெண். கடுமையானவர் அல்ல. உட்காரச் சொன்னார்.

"டீச்சர் வரலையா?"

"லீவு குடுக்கலம்மா."

அதிகாரி ஜெயக்கொடியின் மார்பில் இருந்த பெட்டியைப் பார்த்தார். "அதான் மிஷின் குடுத்திருக்காங்களே."

"அதுல கேக்காதும்மா."

"பின்ன எதுக்கு மாட்டியிருக்கு?"

மலையம்மாள் முந்தானையைத் திருகினாள். இந்த முறை அழகுபாண்டி வந்திருந்தான். அவன் தங்கை தங்கப்பொண்ணு முன்னால் நகர்ந்தாள்.

"நான் சொல்றேன் மேடம். மூணு வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். மதினி எம்புட்டு வேகமா கை காட்டுனாலும் எனக்குப் புரியும்."

வேறு ஆள் இல்லை. அதிகாரி தலையசைத்தார். "ராத்திரி புள்ள அழுதா என்ன செய்வேன்னு கேளு."

தங்கப்பொண்ணு தூக்கத்தைக் காட்டினாள், பிள்ளையைக் காட்டினாள், அழுகையைக் காட்டினாள். ஜெயக்கொடியின் முகம் தெளிந்தது. ஏழு மாதமாக அவள் காத்திருந்த கேள்வி. இடது மணிக்கட்டில் நூலைச் சுற்றினாள். நூலின் மறுமுனையைப் பக்கத்தில் ஒரு சின்ன மணிக்கட்டில் சுற்றினாள். கண்களை மூடினாள். சின்னக் கை அசைந்தது. நூல் இழுத்தது. கண் விழித்தாள். பிள்ளையை அள்ளி மார்பில் அணைத்தாள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித்தான் தூங்கினாள். முதல் நூல்கண்டை வாங்கிக் கொடுத்ததே தங்கப்பொண்ணுதான்.

"என்ன சொல்லுது?"

தங்கப்பொண்ணு அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"புள்ளையக் கட்டிப் போட்டுட்டுத் தூங்குவேங்குது மேடம்."

அதிகாரியின் பேனா நின்றது. பிறகு எழுதியது.

"அப்படியில்லம்மா," மலையம்மாள் எழுந்தாள். "அது நூலும்மா. சும்மா ஒரு..."

"நீங்க உக்காருங்க. பெத்தவ வாயால வரணும்."

பேனா ஓடுவதை ஜெயக்கொடி பார்த்தாள். சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள். லேசாகச் சிரித்து, நழுவிய ஒயரைக் காதில் சரியாகச் செருகிக்கொண்டாள்.

அதிகாரி எழுதி முடித்தார். மேசைமேல் சாய்ந்து, அந்தப் பெட்டிக்கு அருகில் வாயைக் கொண்டுபோய்ச் சத்தமாகக் கேட்டார்.

"உம்புள்ளைய இனி யாருகிட்ட விடணும்னு நீயே சொல்லும்மா."