பைபாஸில் போன டிரைவர்

டிரைவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று டெப்போவே பேசிக்கொண்டது. பின்னே? காலமெல்லாம் உட்கார்ந்தபடியே ஊர் சுற்றிய மனிதர், ஓய்வு பெற்ற கையோடு, தான் பஸ் ஓட்டிய தடம் முழுவதையும் நடந்தே தீர்க்கிறேன், வருகிற நன்கொடையெல்லாம் வீடில்லாத இளசுகளைச் சேர்த்துக்கொள்ளும் விடுதிக்கு என்று கிளம்பினால் வேறென்ன சொல்வார்கள்? "ஹார்ன் எங்கண்ணே வச்சிருக்கீங்க?" என்று கண்டக்டர் வேறு கிண்டலடித்தார். நன்கொடை எல்லோரும் தந்தார்கள். கூட நடக்கத்தான் ஒருத்தரும் வரவில்லை.

காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்ற மகனை, "என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாரே, அவனைச் சேர்த்துக்கொண்டது அந்த விடுதிதான். இப்போது அவனே அங்கே பொறுப்பாளர். அந்த ஊர் அவர் தடத்தில்தான் இருந்தது. ஆனால் அவருடைய பஸ் ஊருக்குள் போகாது. பிரிவில் ஒடித்து பைபாஸைப் பிடித்துவிடும். ஒரு விடுப்பு நாளில் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. வீம்பு. மனைவி கண்ணை மூடுகிறவரை கெஞ்சினாள், அப்போதும் போகவில்லை.

கிளம்புவதற்கு முன்னால்தான் முதல்முறையாக அவனுக்குப் போன் செய்தார். "புதன்கிழமை மத்தியானம் உங்க விடுதி வாசல் வழியா வருவேன்."

"வாங்கப்பா" என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவ்வளவு தூரமும் நடந்தார்.

காலில் கொப்புளம் வந்தது, போனது. பேச ஆளில்லாததுதான் அவரைக் கொன்றது. ஓட்டுகிற காலத்தில் முதுகுக்குப் பின்னால் பஸ் நிறைய இரைச்சல் இருக்கும். இப்போது திரும்பிப் பார்த்தால் வெறும் தார் ரோடு. லாட்ஜ் அறையில் மனிதக் குரலாவது கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டுப் படுத்தார். மகனிடம் முதலில் என்ன பேசுவது என்று நாள் பூராவும் ஒத்திகை பார்த்தார். "மன்னிச்சிடுடா" மட்டும் வாயில் வரமாட்டேன் என்றது.

புதன்கிழமையும் அதே ஒத்திகைதான், போன் அடிக்கும்வரை.

"எங்கப்பா இருக்கீங்க? பசங்கெல்லாம் பேனரப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரமா வெயில்ல நிக்கிறாங்க."

நிமிர்ந்து பார்த்தார். அடக் கடவுளே! மேம்பாலம். பிரிவில் கால் தன்பாட்டுக்கு ஒடித்திருக்கிறது. ஊர் எப்போதோ பின்னால் போய்விட்டது. முட்டி வலி, வழியில் உட்கார்ந்துவிட்டேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"பைபாஸ்ல இருக்கேன்டா. பழக்கதோஷத்துல..."

"பசங்களா, உள்ள போங்க" என்று அவன் அந்தப் பக்கம் சொல்வது போனில் கேட்டது.

"பரவால்லப்பா. நீங்க எப்பவும் அப்படித்தானே போவீங்க. பாத்துப் போங்க." வைத்துவிட்டான்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவன் மரியாதையாகச் சொன்னதுதான் தாங்கவில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற லாரிக்காரர்கள் பார்க்கப் பார்க்க அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பின்னாலிருந்து வந்த பஸ் ஒன்று பக்கத்தில் நின்றது. அவருடைய டெப்போ வண்டிதான். ஓட்டி வந்தவன் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே, திரும்பிப் போறீங்க? ஏறுங்க, பிரிவுல விட்டுடறேன்... ஐயையோ, நீங்க ஏறக் கூடாதுல்ல!"

ஏறக் கூடாதுதான். வண்டியில் கால் வைத்தால் நடை செல்லாது என்று டெப்போ முழுக்கச் சவால் விட்டுவிட்டு வந்தவர் அவர். நாளைக்கு ஊரே சிரிக்கும்.

"கதவைத் திற" என்றார்.

பிரிவிலிருந்து விடுதி கூப்பிடு தூரம். வாசலில் பையன்கள் இல்லை. மகன் மட்டும் தனியாக நின்று பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பஸ் நின்றதையும் அவர் இறங்கியதையும் அவன் பார்த்திருந்தான்.

"பஸ்லயா வந்தீங்க? அப்ப உங்க நடை?"

"போச்சு" என்றார் டிரைவர். அவருக்கு மூச்சு வாங்கியது. "நடந்து வந்தா, அதுக்குள்ள நீ கதவச் சாத்திட்டு உள்ள போயிடுவியோன்னு பயமா இருந்துச்சுடா."